சப்ளை போடறேன், கையைத் தூக்குங்க

எலக்ட்ரிகல் படிச்சவங்களை ஊர்ல ரெண்டே சமயத்துலதான் தேடுவாங்க: கரண்ட் போனா ஒண்ணு, மிக்ஸி நின்னா ஒண்ணு. மத்த நேரத்துல நாம உயிரோட இருக்கறமான்னு கூட யாரும் கேக்க மாட்டாங்க. மெஷின் லேப்ல பெல்ட் கருகற வாசத்தோட வீட்டுக்குப் போய், 'என்னடி, எங்கயாச்சும் ரப்பர எரிச்சியா'ன்னு திட்டு வாங்கின மக்களே, ரெக்கார்டு நோட்டுல சர்க்யூட் படம் வரைஞ்சு வரைஞ்சு பென்சில் தேஞ்ச மக்களே, இது உங்களுக்குத்தான்.

என் பேரு தீபா. ஊர் தாராபுரத்துக்குப் பக்கமுங்க. படிச்சது கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜுல, ட்ரிபிள் ஈ. வீட்டு லைட்டு, ஃபேன் எல்லாம் சாதாரணமா போடுவேன். ஆனா கைப்பிடி வெச்ச பெரிய சுவிட்சைக் கண்டா எனக்குக் கை மேல எழும்பாது. உள்ளங்கை வேர்த்து ஊத்தும். இந்த லட்சணத்துல நான் நாலு வருஷம் மோட்டாரும் ஜெனரேட்டரும் படிச்சேன்னா, அது எப்படின்னு சொல்ல வேண்டாமா?

மிக்ஸி வைத்தியம்

என் மார்க்குக்குக் கிடைச்சது ட்ரிபிள் ஈ. கூடப் படிச்சவங்க எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினாங்க. அங்க இடம் கிடைக்காதவங்க எங்க கிளாஸுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்தாங்க. மொத வருஷம் முடிஞ்சு ஊர்த் திருவிழாவுக்கு, எங்க பக்கம் நோம்பிம்போம், அதுக்குப் போனேன். ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தாங்க. எங்க பெரியம்மா என்னைப் பாத்ததும் நலம் கூட விசாரிக்கலை. நேரா சமையக்கட்டுக்குள்ள இழுத்துட்டுப் போய் மிக்ஸியை முன்னாடி வெச்சாங்க. பாதி அரைஞ்ச தேங்காச் சட்னி அதுக்குள்ள அப்படியே நிக்குது.

நான் அதைத் திருப்பிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், மோந்து கூடப் பாத்தேன். எங்க புஸ்தகத்துல இருந்ததெல்லாம் ஊருக்கே கரண்ட் குடுக்கற அளவு ராட்சச மெஷின். மிக்ஸின்னு ஒரு பாடம் இல்லை. அடியில இருந்த சின்ன சிவப்புப் பொத்தானை அமுக்கினா ஓடும்னு பக்கத்து வீட்டு அக்கா வந்து அமுக்கிக் காட்டிட்டுப் போனாங்க. சட்னி அரைஞ்சுது. என் மானம் அதைவிட நைசா அரைஞ்சுது. பெரியம்மா இட்லியை என் தட்டுல வெச்சுட்டு நிதானமா சொன்னாங்க: "படிக்கற புள்ளைய நான் ஒண்ணுஞ் சொல்லலீங் அம்மணி. ஆனா அந்தப் பொத்தானைச் சொல்லிக் குடுக்காம ஒரு வருசமா உங்க வாத்தியாருங்க என்னதான் பண்ணுனாங்க?"

மோட்டார் ரூம்

சிரிச்சாச்சா? இப்ப இதையும் சொல்லிடறேன். சொல்லாம மேல போனா உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

நான் ஆறாவது படிச்சப்ப நடந்தது. எங்க தோட்டத்துல கெணத்தோரமா மோட்டார் ரூம். மீட்டரும் மெயின் சுவிட்சும் வெளிச் சுவத்துல இருக்கும், மோட்டாரை ஓட்டற ஸ்டார்ட்டர் பெட்டி உள்ள இருக்கும். எங்க பக்கம் மூணு ஃபேஸ் கரண்ட் நேரம் வெச்சுத்தான் வரும். வந்தா மீட்டருக்கு மேல ஒரு சின்ன பல்பு எரியும். அது எரிஞ்சா மெயினைத் தூக்கிவிடறது என் வேலை. யாரும் எனக்குச் சொல்லலை, நானா எடுத்துக்கிட்டது. அந்தக் கைப்பிடி டக்குனு மேல போய் உக்காரற சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அன்னிக்கு லீவு நாள். பல்பு எரிஞ்சுது. கைப்பிடி கீழ இருந்துச்சு. ஓடிப் போய்த் தூக்கினேன். உள்ள எங்கப்பா ஸ்டார்ட்டரைத் திறந்து வெச்சுக் கையை விட்டுத் துடைச்சுட்டு இருந்தாரு. சத்தியமா எனக்குத் தெரியாது.

கரண்ட் அவரைத் தூக்கி எறிஞ்சதுல பொழைச்சாரு. வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்துபோய், ஆறினப்ப மடங்கினபடியே நின்னுபோச்சு. ஷாக் அடிச்சவங்களுக்கு அதுக்கு முந்தி நடந்தது மறந்துபோறது உண்டுன்னு நர்ஸ் அக்கா எங்கம்மாகிட்டச் சொல்லிட்டு இருந்தாங்க. மெயினை எறக்கினதே அப்பாவுக்கு மறந்துபோச்சுன்னு நானும் நெனைச்சுக்கிட்டேன். தூக்கினது நான்தான்னு சொல்ல வாயைத் திறப்பேன். அழுகைதான் வரும், பேச்சு வராது. அப்படியே நாள் போச்சு, வாரம் போச்சு, வருஷம் போச்சு. நான் மோட்டார் ரூம் பக்கம் அப்புறம் கால் வெக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்பா சொன்னது ஒரே பதில்தான்: "மெயினை எறக்காம கை வெச்சுப்போட்டனுங்க. தப்பு என்னுதுதானுங்க."

எச்.ஓ.டி. கையும் கைதான்

ரெண்டாம் வருஷம் மெஷின் லேப். காக்கிக் கோட்டு, ஷூ, துப்பட்டாவுக்குத் தடை, முடியை இழுத்துக் கொண்டை போட்டுத்தான் உள்ள விடுவாங்க. பேரு வரிசைப்படி மூணு மூணு பேரா பிரிச்சதுல நான், தினேஷ், எஸ்தர் ஒரு பேட்ச். தினேஷ் பெருந்துறைக்காரன், வாய் ஓயாது. எஸ்தர் கோயமுத்தூர்ப் பொண்ணு, சர்ச்சுல பாட்டுப் பாடறவ, கோவம் மட்டும் மூக்கு நுனியில இருக்கும்.

லேபைப் பாத்துக்கறவரு மாணிக்கம் அண்ணன். அவருக்கு ஒரே ஒரு சட்டம். சுவிட்ச் போடறவங்க மொதல்ல 'சப்ளை போடறேன்!'னு லேபே அதிரக் கத்தணும். அந்த மெஷின் பக்கத்துல நிக்கற அத்தனை பேரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும். எல்லாக் கையையும் கண்ணால பாத்த பொறகுதான் சுவிட்ச் மேல போகணும். போலீஸ்காரன் துப்பாக்கி நீட்டின மாதிரி நாங்க நிக்கறதைப் பாத்து மெக்கானிக்கல் பசங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு சிரிப்பாங்க. மொத நாள் எங்க துறைத் தலைவர், எச்.ஓ.டி., லேபைப் பாக்க வந்தவரு, எங்க மெஷின் மேல ஒரு கையை ஊணிட்டு யார்கிட்டயோ போன்ல பேசிட்டு இருந்தாரு. தினேஷ் 'சப்ளை போடறேன்'னு கத்திட்டான். நாங்க தூக்கிட்டோம். அவரு தூக்கலை. மாணிக்கம் அண்ணன் ஓடியாந்து பணிவா நின்னாரு: "சார், உங்க கையுந்தானுங்க. கரண்டுக்கு எச்.ஓ.டி.யெல்லாம் தெரியாதுங்க."

மீட்டர் பாக்கற பொண்ணு

எல்லாரும் சிரிச்சாங்க, எச்.ஓ.டி. கூடச் சிரிச்சுட்டே கையைத் தூக்கினாரு. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை. ரெண்டே ரெண்டு வார்த்தை! அன்னிக்கு அந்த ரெண்டு வார்த்தையை நான் கத்தியிருந்தா, எங்கப்பா உள்ளயிருந்து 'இரு கண்ணு'ன்னு ஒரு சத்தம் குடுத்திருப்பாரு. அவ்வளவுதான் விஷயம். நான் தலைவலின்னு சொல்லிட்டு வெளிய போய்க் குழாயடியில நின்னு அழுதேன். எஸ்தர் பின்னாலயே வந்துட்டா. ஏன்னு கேட்டா. 'ஒண்ணுமில்ல'ன்னேன். 'ஒண்ணுமில்லாததுக்கா கோட்டு நனையற அளவுக்கு அழுவாங்க?'ன்னு அதட்டினா. அவளோட அதட்டல்ல பயந்துபோய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு ஆள்கிட்ட நான் அதைச் சொன்னது அதுதான் மொத தடவை. அவ போய் தினேஷ்கிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டா. சொல்லுன்னேன்.

அடுத்த வாரத்துல இருந்து எங்க பேட்ச்ல ஒரு ஏற்பாடு. ஒயர் மாட்டறது மூணு பேரும். சுவிட்ச் போடறது தினேஷோ எஸ்தரோ. மீட்டர் பாத்து ரீடிங் சொல்றது எப்பவும் நான். யாருக்கும் சந்தேகம் வரலை. என்னைவிட வேகமா ரீடிங் எடுக்க அந்த கிளாஸ்ல ஆள் இல்லைன்னு பேரும் வந்துச்சு. இதுக்காக தினேஷ் ஒரு நாளும் என்னைக் கேலி பண்ணலை. வாய் ஓயாத அவன் அந்த விஷயத்தைப் பத்திப் பேசினது ஒரே தடவைதான்: "நீ முள்ளை மட்டும் பாரு தீபா, சுவிட்சை நாங்க பாத்துக்கறோம்."

அபிசேகம்

லோடு டெஸ்ட் பண்ணின மக்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். மோட்டார் தண்டுல ஒரு இரும்பு உருளை, அதைச் சுத்தி பெல்ட். பெல்ட்டை இறுக்க இறுக்க மோட்டார் திணறும், உருளை சுடும், அதுக்குள்ள தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். தண்ணி ஊத்தற வேலை எஸ்தருக்கு. அன்னிக்கு அவளுக்கும் தினேஷுக்கும் ஏதோ சண்டை, அவன் பக்கமே திரும்பாம நின்னா. தினேஷ் ஒரு வேகத்துல பெல்ட்டை இறுக்கிட்டான். புகை கிளம்பிருச்சு. பக்கத்து பேட்ச்காரங்க கேன்டீன்ல பரோட்டா கருகுதுன்னு நெனைச்சாங்க. 'தண்ணி, தண்ணி'ன்னு தினேஷ் கத்த, எஸ்தர் இருந்த ஆத்திரத்துல தண்ணி மொள்ற மக்கைக் கீழ வெச்சுட்டு வாளியையே தூக்கி ஊத்திட்டா.

சுத்தற உருளை அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி வாங்கின தண்ணி பூராவையும் திருப்பி வீசுச்சு. தினேஷ், நான், ரெக்கார்டு நோட்டு, சுவத்துல மாட்டியிருந்த ஷாக் அடிச்சா என்ன பண்ணணுங்கற படம், எல்லாம் நனைஞ்சுது. மாணிக்கம் அண்ணன் ஓடியாந்து சப்ளையை நிறுத்திட்டு, முகத்தைத் துடைச்சுட்டுச் சொன்னாரு, "தண்ணி ஊத்தச் சொன்னா அபிசேகம் பண்ணிப்போட்டியே அம்மணி." எஸ்தர் காலி வாளியைக் கீழ வெச்சா. அப்புறம் தலையில சொட்டச் சொட்ட நின்ன தினேஷைப் பாத்தா, மொத தடவையா அன்னிக்குச் சிரிச்சா: "எங்க பக்கம் இதுக்கு ஞானஸ்நானம்னு பேரு அண்ணா. இனிமேலாச்சும் இவன் திருந்தட்டும்."

யாரு மொதல்ல ட்ரிப் ஆகறது

மூணாம் வருஷம் பாதுகாப்புப் பாடம் வந்துச்சு. ரிலே, பிரேக்கர், எங்க கோளாறு வந்தா எது மொதல்ல ட்ரிப் ஆகி, அதாவது தானா விழுந்து, சப்ளையை அறுத்துவிடணும். அதுவரைக்கும் மின்சாரத்தை எப்படி உண்டாக்கறதுன்னு படிச்ச நாங்க, அதை எப்படி நிறுத்தறதுன்னு படிக்க ஆரம்பிச்சோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். பிடிச்ச பாடத்துலதான் எனக்கு இன்டர்னல்ல ஃபெயில் ஆச்சு, அது வேற கதை.

அந்தப் பாடம் எடுக்கற மேடம் ஒரு நாள் தினேஷை எழுப்பி, கோளாறு வந்த இடத்துக்குப் பக்கத்து ரிலே எதுக்கு முதல்ல வேலை செய்யணும், பின்னால இருக்கறது எதுக்குக் காத்திருக்கணும்னு கேட்டாங்க. அவன் புஸ்தகத்தைத் திறந்ததே இல்லை. தலையைச் சொறிஞ்சான். அப்புறம் சொன்னான்: "எங்க ஊட்டுல நான் தப்புப் பண்ணினா மொதல்ல அம்மா ட்ரிப் ஆவாங்க மேடம். சாப்பாடு மட்டும் கட், மத்தபடி ஊடு ஓடும். அவங்க ட்ரிப் ஆகலைன்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு எங்கப்பா ட்ரிப் ஆவாரு. அப்பா ட்ரிப் ஆனா டிவி கிடையாது, போன் கிடையாது, தங்கச்சிக்கும் சேர்த்து ஊடே இருட்டுங்க. அதனால அம்மா மொதல்ல ட்ரிப் ஆகறதுதான் எல்லாருக்கும் நல்லதுங்க." கிளாஸே கைதட்டுச்சு. எனக்கு மட்டும், எங்க வீட்டுல வந்த கோளாறுக்கு இன்னும் யாருமே ட்ரிப் ஆகலையேன்னு தோணுச்சு. மேடம் சிரிப்பை அடக்கிட்டு நோட்டுல ஏதோ குறிச்சாங்க: "விளக்கம் நூத்துக்கு நூறு சரி. ஆனா பரீட்சையில உங்கம்மாவைப் படம் வரைஞ்சு பாகம் குறிச்சிடாதப்பா."

பூட்டுப் போட்டவன்

அந்தப் பாடத்துக்காகக் காரமடைப் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனைப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் ட்ரான்ஸ்ஃபார்மர் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க. நான் ஒரு கைப்பிடியில பூட்டுப் போட்டு அட்டை தொங்கினதைப் பாத்துட்டு நின்னேன். அட்டையில ஒரு ஆள் பேரு. லைன்ல வேலை செய்யப் போறவரு சப்ளையை நிறுத்திட்டு, தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப் பையில வெச்சுட்டுத்தான் கம்பத்துல ஏறுவாராம். அவரு இறங்கி வந்து எடுத்தாத்தான் உண்டு. மேலதிகாரி வந்தாலும் எடுக்கக் கூடாது.

எனக்கு வாய் சும்மா இருக்கலை. அங்க நின்ன லைன்மேன்கிட்ட, 'பூட்டில்லாத இடத்துல, தெரியாம வேற யாராச்சும் வந்து சப்ளையைப் போட்டுட்டா, தப்பு யார் மேலங்க அண்ணா?'ன்னு கேட்டேன். பாடத்துல சந்தேகம் கேக்கற மாதிரிதான் கேட்டேன். ஆனா எஸ்தர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவரு கொஞ்சமும் யோசிக்கலை. அவரு சொன்னது சட்டப்படி சரியாவே இருக்கலாம். ஆனா எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எங்கப்பா மேலயா தப்பு? பஸ்ல ஏறினதும் எஸ்தர்கிட்ட அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவரு சொன்னது இவ்வளவுதான்: "போட்டவங்க மேல இல்லீங் அம்மணி. பூட்டாம கைய வெச்சவன் மேலதானுங்க."

சீட்டுல வந்த மோட்டார்

மொத லேப் பரீட்சையில மெஷின் பத்தலைன்னு ரெண்டு ரெண்டு பேரா விட்டாங்க. எஸ்தர் என் ஜோடி, அவ சுவிட்ச் போட்டா, தப்பிச்சேன். கடைசி லேப் பரீட்சைக்கு வெளி காலேஜுல இருந்து வந்த எக்ஸாமினர் முதல் வார்த்தையே, 'தனித்தனியாத்தான் செய்யணும், பேசக் கூடாது'ன்னாரு. இந்த லேப்ல தேறலைன்னா டிகிரி நின்னுபோகும். வீட்டுல கேப்பாங்க. ஏன் சுவிட்ச் போடலைன்னு அப்பா கேட்டா நான் என்னன்னு சொல்றது? எந்த மெஷின்னு முடிவாகற சீட்டை எடுத்தேன். மூணு ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். எங்க கெணத்தோரம் ஓடற அதே ஜாதி. சுத்தி இருந்த மெஷினுகளை எல்லாம் விட்டுட்டு இதுதானா என் கைக்கு வரணும்!

ஒயரெல்லாம் மாட்டிட்டேன். அவரு ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்து, கையெழுத்துப் போட்டு, "ம், போடும்மா"ன்னாரு. மூணு பித்தளைக் கத்தி வெச்ச சுவிட்ச். நான் அதுக்கு முன்னாடி நின்னேன். நின்னுட்டே இருந்தேன். அவரு தள்ளி நின்னு கடிகாரத்தைப் பாத்தாரு. அந்தப் பக்கத்து மேஜையில தினேஷ், ஜன்னலோரம் எஸ்தர், ரெண்டு பேரும் தங்கள் வேலையை விட்டுட்டு என்னையே பாத்தாங்க. அவங்களால இப்ப வந்து போட முடியாது. எஸ்தர் கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தா, ஜெபம் பண்றான்னு தெரிஞ்சுது. மொத தடவை வாயைத் திறந்தப்ப காத்துதான் வந்துச்சு. ரெண்டாவது தடவை, எங்கிருந்து வந்துச்சோ, கட்டடமே கேக்கற மாதிரி கத்தினேன், "சப்ளை போடறேன்!"

என் மெஷின் பக்கத்துல யாருமே இல்லை, தூக்கறதுக்குக் கையே இல்லை. ஆனா தினேஷ் ரெண்டு கையையும் தூக்கினான். எஸ்தர் தூக்கினா. அவங்களைப் பாத்துட்டு ஒவ்வொரு மேஜையா, பேனாவும் ஸ்கேலும் பிடிச்சபடி, லேப்ல இருந்த அத்தனை பேரும் தூக்கினாங்க. ஏன்னு அவங்க யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டா தூக்கிப் பழகின கை. எக்ஸாமினர் சுத்திமுத்தும் பாத்துட்டு, நமக்கெதுக்கு வம்புன்னு அவரும் தூக்கினாரு. ஒவ்வொரு கையா நான் பாத்தேன். எல்லாம் காத்துல இருந்துச்சு. ஒருத்தர் கையும் உள்ள இல்லை. போட்டேன். மோட்டார் உறுமிட்டு ஓட ஆரம்பிச்சுது. நான் பொலபொலன்னு அழுதுட்டு நின்னேன். அவரு கையை இறக்கிட்டுப் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னாரு: "மோட்டார்தான் ஓடுதில்லம்மா, அப்புறம் எதுக்கு அழுகை? கண்ணைத் துடைச்சுட்டு ரீடிங் எடு."

சுவத்துல ஏறின பெட்டி

பரீட்சை எல்லாம் முடிஞ்சு ஊருக்குப் போறப்ப, துணிமணியோட ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுபோனேன். கரண்ட் கசிஞ்சு ஒரு ஆள் மேல பாஞ்சா, அடுத்த நொடி ஆகறதுக்குள்ள சப்ளையைத் தானா அறுத்துவிடற கருவி. ஊர் எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டு, காலையில பத்து மணிக்கு மோட்டார் ரூமுக்குப் போனேன். ஆறாவதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் மொத தடவை. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துலயே அதை மாட்டி, சப்ளையையும் போட்டுட்டு அவரு கிளம்பினாரு. நானும் அப்பாவும் மட்டும் நின்னோம். 'இதென்ன கண்ணு பண்ணும்?'னு அப்பா கேட்டாரு. சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். அதோட குட்டிக் கைப்பிடி டக்குனு கீழ விழுந்துச்சு. அப்பா அதையே பாத்துட்டு நின்னாரு. "அப்ப, அன்னிக்கு இது இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சவரு சட்டுனு நிறுத்திக்கிட்டாரு.

அதுக்கு மேல என்னால முடியலை. "அப்பா, அன்னிக்கு மெயினைத் தூக்கினது நானுங்க"ன்னேன். பத்து வருஷமா உள்ள கிடந்தது, ஒரே மூச்சுல வெளிய வந்துருச்சு. அவரு அதிர்ச்சி ஆவாரு, திட்டுவாரு, குறைஞ்சது ஒரு நிமிஷம் பேசாம நிப்பாருன்னு எதிர்பாத்தேன். அவரு என் முகத்தைப் பாத்து, "உனக்குத் தெரியுமா?"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "மெயினை எறக்கிப்போட்டுத்தான் கண்ணு நான் உள்ளயே போனேன். அத மறப்பனா? வெளிய உன்ற செருப்புச் சத்தமும் கேட்டுச்சு. கூப்படறதுக்குள்ள ஆயிப்போச்சு. நீ சின்னப் புள்ள, உன்னாலதான்னு உனக்கே தெரியாதுன்னு நெனச்சேன். தெரியாமயே போகட்டும்னுதான் ஊருக்கெல்லாம் நான்தான் எறக்கலைன்னு சொன்னேன். இத்தன வருசமும் தெரிஞ்சேதான் இருந்தியா சாமி?"

நான் அழுதேன். அவரு அழலைன்னு சொன்னா பொய்; துண்டால முகத்தைத் துடைச்சுட்டு வெயிலைக் குறை சொன்னாரு. மடங்கின அந்த ரெண்டு விரலையும் நான் கையில எடுத்தேன். இத்தனை வருஷத்துல நான் அதைத் தொட்டதே இல்லை. "வலிக்குதுங்களாப்பா?"ன்னேன். இல்லைன்னு தலையை ஆட்டினாரு. அப்புறம் சொன்னாரு: "வெரலு என்னத்தப் பண்ணுது கண்ணு. அன்னைக்கிருந்து நீ இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலையே, அதுதான் எனக்குத் தாங்கல."

ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறோம்னு பத்து வருஷம் வாயைப் பூட்டி வெச்சிருந்த ரெண்டு பேரோட பாதுகாப்பைப் பத்தி எங்க பாடத்திட்டத்துல ஒரு வரி கூட இல்லை, இருந்திருந்தாலும் அதுல எனக்கு அரியர்தான் விழுந்திருக்கும்.